மான் நின்ற இடம்

வாசகசாலைச் சுவரில் இந்தத் தாளைப் பார்க்கிறவர்கள் படிப்பதற்கு முன்னால் என் எழுத்தைப் பார்த்துச் சிரித்துவிடுவீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், கோபமில்லை. பாலத்து மேட்டில் ஏறுகிற ஜட்கா வண்டி மாதிரி ஒவ்வொரு வரியும் சாய்ந்து கிடக்கிறது. வாழ்நாளெல்லாம் கடிவாளம் பிடித்த கை இது. பேனா பிடிக்க ஆரம்பித்தது போன மழைக்காலம் முடிந்த பிறகுதான். பிழைகளை இங்கே நடக்கிற மாலைப் பள்ளி வாத்தியார் திருத்திக் கொடுத்தார். கோணலை அவராலும் நிமிர்த்த முடியவில்லை. நிதானமாக எழுதினால் நேராக வரும் என்கிறார். நிதானத்துக்கு இப்போது நான் எங்கே போவேன்?

போன மாதம் ஒரு நாள் அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு, ஒரு துண்டுத் தாளில் 'நாரை' என்று எழுதினேன். யாரும் கை பிடிக்காமல், பார்த்து எழுதாமல், நானாக எழுதிய முதல் சொல். அதை ரெங்காராம் அண்ணனிடம் காட்டிவிட்டுத்தான் டீ குடிப்பது என்று கோரிப்பாளையத்திலிருந்து கிளம்பி ஆற்றுப் பாலத்தில் நடந்தேன். பாதிப் பாலத்தில் எதிரே சின்னச்சாமி ஓடி வந்தான். அண்ணனுடைய சாயப்பட்டறையில் வேலை செய்கிறவன். முழங்கை வரை நீலம்.

"எங்கண்ணே போறீக?"

"ஒங்க மொதலாளியத்தான் பாக்கப் போறேன். ஒண்ணு காட்டணும்."

அவன் என் கையிலிருந்த தாளைப் பார்த்தான். "காசிம் அண்ணே, மொதலாளி விடியக்காலையில போயிட்டாரு. ஒங்களுக்குச் சொல்லத்தான் ஓடியாறேன்."

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அவரை உங்களில் பாதிப் பேருக்குச் சாயக்காரராகத் தெரியும். மீதிப் பேருக்குக் 'கொக்குப் படக்காரர்' என்றால்தான் தெரியும். பட்டு நூலுக்குச் சாயம் போடுவது அவர் பிழைப்பு. காமிராவைத் தூக்கிக்கொண்டு கண்மாய் கண்மாயாக, பொட்டல் பொட்டலாக அலைந்து பறவைகளையும் மிருகங்களையும் படம் பிடிப்பது அவருடைய மற்ற எல்லாம். அந்த அலைச்சலுக்கு வண்டி ஓட்டியவன் நான். எடுத்த படங்கள் கண்ணாடி பிளேட்டுகளாகப் பெட்டி பெட்டியாக அவர் வீட்டு மாடியில் இருக்கின்றன. காரியங்கள் முடிந்ததும் அவர் மகன் கோபால் என்னை மாடிக்குக் கூட்டிப்போனான்.

"மாமா, படத்துக்குச் சட்டம் போடுற கடைக்காரரு ஆள் விட்டுட்டாரு. சீமைல சண்டை வந்ததுலருந்து கப்பல்ல கண்ணாடி வாறதில்லையாம். இத வெந்நீர்ல போட்டுச் சொரண்டுனா நல்ல கண்ணாடியாம்."

"அப்பா எடுத்த படம்டா அது."

"என்ன படம்னு எனக்குத் தெரியலையே மாமா. எது எந்த ஊரு, எது என்ன பறவ, ஒண்ணுலயும் ஒரு பேரு இல்ல. பேரு இருந்தா வச்சுப் பாக்கலாம். பேரில்லாத கண்ணாடிய என்னன்னு சொல்லி வீட்ல வைக்க?"

அவன் கெட்டவன் அல்ல. அவன் கேட்டது நியாயம். நான் எழுதுகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, "அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் கடைக்காரர நிப்பாட்டி வைக்கிறேன். பேரு எழுதுனது இங்க இருக்கட்டும். மத்தது போகட்டும்" என்றான். ஆக, பெயர்கள் தெரிந்த ஒரே ஆள் நான். நேற்று எழுதக் கற்றவனும் நான். ஒரு பெயர் எழுதி முடிப்பதற்குள் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கலாம். உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் உட்காருகிறேன். கண் வலிக்கும்போது கண்ணாடியை வைத்துவிட்டு இந்தத் தாளை எடுக்கிறேன்.

வண்டியில் அவர் முதன்முதலாக ஏறியதே வாக்குவாதத்தோடுதான். ரயிலடியிலிருந்து வீட்டுக்குப் போகச் சொன்னவர், பாதி வழியில் வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் விடு என்றார்; கூலி கூடும் என்றேன் நான். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் அன்றைக்குத்தான் காமிராவை வாங்கியிருந்தார். கண்மாய்க்கரையில் அவர் இறங்கி நடந்தால் கொக்குகள் எழுந்து பறந்தன. திரும்பி வந்து வண்டிக்குள் உட்கார்ந்தால் மறுபடி வந்து இறங்கின. ஜட்காவையும் குதிரையையும் அவை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அவருக்குப் பளிச்சென்று பிடிபட்டது. அடுத்த முறை வரும்போது வண்டியின் பின்பக்கத்துக்குச் சாக்குப் படுதா தைத்துக் கொண்டுவந்தார். அதில் காமிராவின் மூக்கு நீட்ட ஓர் ஓட்டை. அன்றிலிருந்து என் வண்டியில் சவாரி ஏறுகிறவர்கள் எல்லாம் அந்த ஓட்டை என்ன என்று கேட்டார்கள். "காத்துக்கு" என்பேன்.

எல்லாரையும் அவர் மாப்ள என்பார். நான் அவரை அண்ணே என்பேன். வண்டிப் பேட்டையில் கேலி செய்வார்கள், அண்ணன்கிறவன மாப்ளங்கிற முறை எந்த ஊர்ல இருக்கு என்று. "முறையெல்லாம் வீட்டுக்குள்ள வச்சுக்கங்க, கண்மாய்க்கரையில என்னய்யா முறை?" என்று போய்விடுவார். கல்யாண வீடுகளில் படம் எடுத்தால் நாலு பேர் மதிப்பார்களே என்று அவர் தெருக்காரர்கள் சொன்னபோது சொன்னார்: "மனுசன எடுத்தா மூக்கு சரியில்லம்பான். பறவ ஒண்ணும் சொல்லாது."

பறவை சொல்லவில்லை. குதிரை சொல்லியிருக்கும், அதற்கு வாய் இருந்தால். ஏனென்றால் இந்தத் தொழிலுக்கு வேண்டிய ஒன்று மட்டும் அண்ணனிடம் கிடையாது. அவரால் சும்மா இருக்க முடியாது. கால் ஆடும். விரல் தாளம் போடும். அவசரம் வந்தால் தமிழ் போய்விடும், அவர்கள் வீட்டுப் பேச்சில் தனக்குத்தானே கடகடவென்று ஏதோ சொல்வார். படுதாவுக்குள்ளிருந்து சத்தம் வரும்.

"மாப்ள, ஒன் குதிரைய ஆடாம நிக்கச் சொல்லு!"

"குதிர நிக்குதண்ணே. நீங்கதான் ஆடுறீங்க."

பேரையூர்ப் பக்கத்துப் பொட்டலில் ஒரு நாள். வெளிமான்கள் வருகிற இடம் என்று கேள்விப்பட்டு, விடிவதற்குள் போய் வண்டியை நிறுத்திவிட்டோம். வெயில் ஏறியது. சாக்குக்குள் அவர் வெந்துகொண்டிருந்தார். கடைசியில் ஒரு கலைமான் வந்தது. முறுக்கிய கொம்பு, கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு. வண்டிக்கு நேராக வந்து நின்று, எங்களைப் பார்த்தது. நான் மூச்சு விடவில்லை. குதிரை வாலைக்கூட ஆட்டவில்லை. உள்ளே அண்ணனுக்குக் கால் மரத்துப் போயிருக்கிறது. காலைத் தூக்கித் 'தொம்'மென்று ஒரு மிதி. வண்டி குலுங்கியது. மான் துள்ளியது. அதற்குப் பிறகுதான் விசையை அழுத்தினார்.

அந்த பிளேட்டைக் கழுவிப் பார்த்தோம். புல். புல்லுக்கு மேல் கொஞ்சம் தூசி. வேறு ஒன்றுமில்லை.

"இதுல ஒண்ணுமே இல்லையே அண்ணே" என்றேன்.

"நல்லாப் பாரு மாப்ள. மான் இப்பத்தான் போச்சு."

அதை எறியவில்லை. நல்ல படங்களோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தார். "வந்த படத்த விட வராத படந்தான் மறுபடி வண்டி கட்ட வைக்குது" என்பார்.

கழுவுகிற வேலையும் லேசானதல்ல. பட்டறையின் உள்ளறையில், அவரே சாயம் போட்ட சிவப்புத் துணியை அரிக்கேன் விளக்கைச் சுற்றிக் கட்டியிருப்பார். மற்ற வெளிச்சம் பட்டால் பிளேட் கெட்டுப்போகும். நம் ஊர்ச் சித்திரை வெயில் அந்த அறைக்குள்ளும் வந்துவிடும். ஒரு தடவை, தட்டிலே ஒரு கூழைக்கடாப் பறவை அருமையாகத் தெரிந்துகொண்டே வந்தது. தொண்டைப் பை, சொருகிய கழுத்து, எல்லாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மருந்துப் பூச்சு சூட்டில் இளகி, கூழைக்கடா கண்ணாடியை விட்டு வழுக்கி இறங்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. அண்ணன் தட்டைப் பார்த்தார். "தண்ணியக் கண்டா அது நிக்குமா?" என்றார். அதற்கப்புறம் கோடையில் மண்பானைத் தண்ணீர் இல்லாமல் கழுவியதில்லை.

இப்போது கொட்டாம்பட்டிக் கதைக்கு வருகிறேன். கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறீர்கள். கூடவே இருந்தவன் சொல்வதைக் கேளுங்கள்.

அந்தப் பக்கத்துக் கண்மாய்களில் கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊர் கூடி மீன் பிடிப்பார்கள். சுற்றுவட்டத்து ஊர்ச் சனமெல்லாம் கூடையும் வலையுமாகக் கரையில் வந்து நிற்கும். ஆனால் ஒரு கால் தண்ணீரில் படாது. ஊர்த் தலைவர் அம்பலம், கரையில் இருக்கிற சாமியைக் கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை எடுத்து வீச வேண்டும். வெள்ளை வீசிய பிறகுதான் இறங்கலாம். அதுவரை எல்லார் கண்ணும் வெள்ளை எங்கே, வெள்ளை எங்கே என்றுதான் இருக்கும்.

சனம் இறங்குவதற்கு முன், வற்றிய தண்ணீரில் மேய்கிற நாரைக் கூட்டத்தைப் பறக்கும்போது எடுக்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. அன்றைக்கு வண்டி உதவாது, சேறு. அவர் காமிராவோடு கருவேல மரத்தடிக்குப் போய்விட்டார். நான் கரையில். காமிராவுக்குப் போர்த்துகிற கறுப்புத் துணியை அவர் அசைத்தால் நான் கை தட்டிச் சத்தம் போட வேண்டும், பறவைகள் எழும்ப வேண்டும். இதுதான் பேச்சு.

எல்லாம் தயாரானபோது கறுப்புத் துணி காமிரா மேல் கிடந்தது. அதை எடுத்தால் பிளேட்டுக்கு ஆபத்து என்று நினைத்தாரோ என்னவோ. தோளில் கிடந்த துண்டை உருவி, தலைக்கு மேல் வீசினார்.

அது வெள்ளைத் துண்டு.

நான் கை தட்டவே இல்லை. அதற்குள் கரை முழுவதும் 'ஓ'வென்று எழுந்தது. மொத்தச் சனமும் தண்ணீருக்குள். நாரைகள், கொக்குகள், எங்கேயோ ஒளிந்திருந்த வாத்துகள், எல்லாம் ஒரே நேரத்தில் மேலே கிளம்பி வெயிலே மறைந்துவிட்டது. கரையில் இரண்டே பேர் மிச்சம். நானும் அம்பலமும். அவர் சாமிக்கு முன்னால், கையில் வீசாத துண்டோடு, திறந்த வாய் மூடாமல் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணனை முழங்கால் சேற்றோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். சேற்றில் அவர் விட்டது காமிராவை அல்ல, செருப்பை.

"நீதான் வெள்ள வீசுனவனா?"

"வீசுனேன். ஆனா ஒங்களுக்கு வீசலய்யா. இந்த பாய்க்கு வீசுனேன்."

"பாய்க்கு எதுக்கு வீசுன?"

"கை தட்டச் சொல்லி."

"அவரு எதுக்குக் கை தட்டணும்?"

"நாரை பறக்கறதுக்கு."

"நாரை எதுக்குப் பறக்கணும்?"

"படம் எடுக்க."

அம்பலம் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். "ஒக்காந்து தின்னுக்கிட்டு இருக்கிறத எழுப்பி விட்டுட்டு, ஐயையோ பறக்குதேன்னு படம் எடுப்பீகளாக்கும்?"

ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காத ஒருவர் அம்பலம்தான். சாமிக்கு முன்னால் அவர் செய்ய வேண்டியதை இன்னொருவன் செய்துவிட்டான். நான் அண்ணனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். கடைசியில் சொன்னார்: "வெள்ள விழுந்தா விழுந்ததுதான். எறங்குன சனத்தக் கரையேத்த முடியாது. சாமிட்ட நான் சொல்லிக்கிறேன். ஆனா இனிமே வருசா வருசம் எனக்கு வீசுற துண்டு நீ கொண்டாரணும். சாயக்காரன் கையால வெள்ளத் துண்டு. ஒரு பொட்டுச் சாயம் இருக்கப்படாது."

அபராதம் சின்னதாகத் தெரியும். அண்ணன் வீட்டில் சாயம் படாத துணி எது? அவர் தொட்டாலே சிவக்கும். ஒவ்வொரு வருஷமும் கடையில் நான் வாங்கி, நான் மடித்து, வாழை இலையில் நான் பொதிந்து எடுத்துப் போவேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கூட வருவார். அம்பலம் விரித்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். ஒரு வருஷமும் பொட்டு இல்லை.

அந்தக் கூச்சலிலும் அண்ணன் விசையை அழுத்தியிருந்தார்; அந்தப் படம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நாரைகளெல்லாம் கோடு கோடாக இழுபட்டுப் போயின. சனம் புகையாகத் தெரிந்தது. அசைந்தது எதுவும் விழவில்லை. அசையாமல் நின்றவர் ஒருவர்தான். அம்பலம், கையில் துண்டோடு, திறந்த வாயோடு, மீசை மயிர் முதற்கொண்டு துல்லியமாக விழுந்திருந்தார். காகிதத்தில் போட்டுக் கொடுத்தோம். அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அவர் வீட்டு அம்மா சொன்னது: "இந்த மனுசன் வாயத் தொறந்துக்கிட்டு ஒரு வார்த்த பேசாம நின்னது இதுல மட்டுந்தான்."

சீமையில் சண்டை வந்தது. பிளேட் வருவது நின்றது. வருவதில்லை என்று தெரிந்த பிறகும் அண்ணன் வண்டி கட்டச் சொன்னார்.

"பிளேட் இல்லாம என்னத்தண்ணே எடுக்கப் போறோம்?"

"அதுக்காகச் சும்மா ஒக்காந்திருக்கச் சொல்றியா? கட்டு மாப்ள."

போனோம். நாங்கள் போன ஊரில் தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள், மரத்தில் கூடு கட்டியிருக்கிற நாரைகள் மிரளும் என்று. உச்சி வெயில். ஒரு மஞ்சள் மூக்கு நாரை கூட்டின் விளிம்பில் நின்று இரண்டு சிறகையும் விரித்துப் பிடித்திருந்தது. சிறகுக்கு அடியில் குஞ்சுகள். குஞ்சுகளுக்கு நிழல். வெயில் நகர நகர அதுவும் ஒரு அடி நகர்ந்து நின்றது. அண்ணன் முக்காலியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். காமிராவுக்குள் ஒன்றுமில்லை. நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது ஆடும், இப்போது ஆடும் என்று. ஆடவில்லை. விரல் தாளம் இல்லை. முணுமுணுப்பு இல்லை. குதிரைதான் பொறுக்க முடியாமல் கால் மாற்றியது. நெடுநேரம் கழித்து விசை அழுத்துகிற சின்னச் சத்தம் கேட்டது. துணியை விலக்கி வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"அது நின்னுச்சு மாப்ள. நானும் நின்னேன்."

"உள்ள பிளேட் இல்லையே அண்ணே."

"அதான் பயமில்லாம நின்னேன்."

திரும்பும்போது வண்டியில் கையை என் பக்கம் நீட்டிக் காட்டினார். கை தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தானாம். "கால்தான் ஆடுச்சு, இப்பக் கையும் சேந்துக்கிச்சு. பெட்டில ஒண்ணுக்கும் பேரு எழுதல. எழுதிக்கலாம் எழுதிக்கலாம்னு அடுத்த படத்துக்கு ஓடிட்டேன். இனி என்னால ஆகாது. நீ எழுதப் படி மாப்ள."

"பல்லு போனவனுக்கு எதுக்கண்ணே பள்ளிக்கூடம்?"

"பேரெல்லாம் ஒன் தலையிலயும் என் தலையிலயுந்தான் இருக்கு. என் தலை ஒரு எடத்துல நிக்காது, அத நம்பாத."

இப்படித்தான் நான் மாலைப் பள்ளிக்கு வந்தேன். வந்த பிறகு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? காலமெல்லாம் வண்டி ஓட்டிய தெருக்களில் பலகைகள் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தன. நான் வருஷக்கணக்காகக் குதிரை கட்டுகிற சுவரில் 'இங்கே குதிரை கட்டக்கூடாது' என்று எழுதியிருக்கிறது! அன்று மாலையே போய் அண்ணனிடம் சொன்னேன். நடுங்குகிற கையால் தொடையைத் தட்டிச் சிரித்தார். "குதிரைக்கும் படிக்கத் தெரியாதுல்ல, கட்டு" என்றார். அதுதான் அவரிடம் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு.

எனக்கென்று அவரிடமிருந்து எதை வைத்துக்கொள்கிறேன் என்று கோபால் கேட்டான். விளக்கில் சுற்றுகிற சிவப்புத் துணியைக் கொடுத்தான், வாங்கிக்கொண்டேன். சித்திரையில் கொட்டாம்பட்டிக்கு வெள்ளைத் துண்டு கொண்டுபோகும் வேலை இனி என்னுடையது. சிறகு விரித்த நாரை என்னிடம் இருக்கிறது. அதற்குக் கண்ணாடி இல்லை, யாரும் சுரண்ட முடியாது. இன்னொன்றும் வந்து ஒட்டிக்கொண்டது. இதை எழுதும்போது மேஜைக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது.

இன்று காலை மாடியில் உட்கார்ந்து பிளேட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ் நிறம், கொக்கெல்லாம் காக்கையாகத் தெரியும். பழகிவிட்டால் புரியும். நாரை எழுதினேன். கூழைக்கடா எழுதினேன், அந்த 'ழை'யோடு மல்லுக்கட்டி. பிறகு புல் மட்டும் இருக்கிற அந்த பிளேட் கையில் வந்தது. ஒட்டுத் தாளில் 'மான் நின்ற இடம், பேரையூர்ப் பக்கம்' என்று எழுதி ஒட்டினேன். நான் எழுதி ஒட்டிய பெயர்களிலேயே நீளமானது அதுதான்.

கோபால் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். "இதுல ஒண்ணுமே இல்லையே மாமா?"

"நல்லாப் பாருடா. மான் இப்பத்தான் போச்சு."

அவன் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. திருப்பிப் பார்த்தான், கிட்டே பிடித்துப் பார்த்தான், தள்ளிப் பிடித்துப் பார்த்தான்.

"எந்தப் பக்கமா போச்சு மாமா?" என்றான்.

சொன்னேன். அடுத்த பெட்டியை அவனே இறக்கி வைத்தான்.

பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. உங்களில் எழுதத் தெரிந்தவர்கள் மாடிக்கு வாருங்கள், நான் பெயர் சொல்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இதே சுவரில் இன்னொரு தாள் ஒட்டுவேன். என்னென்ன நம்மோடு தங்கின என்று அதில் இருக்கும். எழுத்து இதைவிடக் கோணலாக இருந்தால், கை வேறு வேலையில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.